மூன்றாவது எண்ணை எங்கே வைப்பது?

கணினி விளையாட்டுகளைப் பற்றி ஒரு தமிழாசிரியன் எழுதப் புகுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஓராண்டுக்கு முன்புவரை எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். துப்பாக்கி, துரத்தல், வெடிச்சத்தம் என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி நான் யோசித்ததில்லை. சென்ற கோடை விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன், மின்னணுவியல் படித்தவன், தன் மடிக்கணினியை என் முன்னால் திறந்துவைத்து, "மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும். முதல்ல இலக்கணப் புத்தகத்தைப் படிச்சாத்தான் உள்ளேயே போக முடியும்" என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னது உண்மை.

அந்த விளையாட்டின் பெயர் டி.ஐ.எஸ்-100. ஸாக் பார்த் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளரின் ஸாக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்டது. இறந்துபோன 'அங்கிள்' ஒருவரின் பழைய கணிப்பொறி நம் கைக்கு வருகிறது. அதன் பகுதிகள் பழுதுபட்டிருக்கின்றன. நாம் சரிசெய்ய வேண்டும். (ஆங்கிலத்து அங்கிள் மாமாவா சித்தப்பாவா என்று தெரியாது. நான் மாமா என்றே வைத்துக்கொண்டேன்.) உதவிக்கு ஒரு கையேடு மட்டும் உண்டு. அதைப் படிக்காமல் ஓரடிகூட நகர முடியாது.

பொறியின் அமைப்பு எளிமையானது. வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகள், ஆகப் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றையும் கணு என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு கணுவில் பதினைந்து வரிகளுக்கு மேல் எழுத முடியாது. கட்டளைச் சொற்கள் ஒரு டஜனை ஒட்டியவையே. நகர்த்து, கூட்டு, கழி, சுழியானால் தாவு என்பன போல. எண்கள் 999-ஐத் தாண்டா. ஒரு கணு ஒரு நேரத்தில் நினைவில் வைத்திருக்கக்கூடியவை இரண்டே எண்கள். அவற்றிலும் ஒன்று உள்ளறையில் கிடப்பது. அதை நேராக எடுத்தாள முடியாது. கையில் இருப்பதோடு இடம் மாற்றிக்கொள்ளத்தான் முடியும்.

கணுக்கள் பக்கத்துக் கணுக்களோடு மட்டுமே பேசும். ஒன்று ஓர் எண்ணை நீட்டினால், அடுத்தது வாங்கும்வரை கை நீட்டியபடியே நிற்கும். வாங்கக் காத்திருப்பதும் கொடுக்கப்படும்வரை அசையாது. இருவரும் ஒரே நேரத்தில் நீட்டினாலோ, இருவரும் ஒரே நேரத்தில் எதிர்பார்த்தாலோ, பொறி அப்படியே உறைந்துவிடும். அவர் முதலில் பேசட்டும் என்று இவரும், இவர் பேசட்டும் என்று அவரும் இருந்து முறிந்துபோன உறவுகளை நாம் அறியாதவர்கள் அல்லர். அதைத் திரையில் இரண்டு சிறு பெட்டிகளாகப் பார்த்தபோது சற்று நேரம் கையெடுத்துவிட்டேன்.

என்னை மிகவும் வதைத்தது பெருக்கல். இந்தப் பொறிக்குப் பெருக்கத் தெரியாது. 12-ஐ 7-ஆல் பெருக்க வேண்டுமானால் 12-ஐ ஏழு முறை கூட்ட வேண்டும். அதற்கு மூன்று எண்கள் நினைவில் இருக்க வேண்டும். கூட்ட வேண்டிய 12, இன்னும் எத்தனை முறை பாக்கி என்னும் கணக்கு, இதுவரை சேர்ந்த தொகை. கணுவிலோ இரண்டு இடங்கள்தாம். மூன்றாவது எண்ணை எங்கே வைப்பது? மூன்று மாலைகள் இந்தக் கேள்வியோடு போயின. நான்காம் மாலை பிடிபட்டது. அதைப் பக்கத்துக் கணுவிடம் கொடுத்துவைத்து, வேண்டியபோது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கண்டுபிடித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, கணக்குக்குப் பயந்து தமிழுக்கு வந்த எனக்கு அந்த வயதில் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று.

விடை கிடைத்ததோடு விளையாட்டு முடிவதில்லை. நம் தீர்வு எத்தனை சுழற்சிகளில் முடிந்தது, எத்தனை கணுக்களைப் பயன்படுத்தியது, எத்தனை கட்டளைகள் எழுதினோம் என்று மூன்று அளவுகள் காட்டப்படுகின்றன. மற்ற ஆட்டக்காரர்களின் தீர்வுகளுக்கு நடுவே நம்முடையது எங்கே நிற்கிறது என்று வரைபடமும் வருகிறது. என் பெருக்கல் மந்தமானவர்களின் கோடியில் நின்றது. வேகத்தைக் கூட்டலாம், வேலையை இரண்டு கணுக்களுக்குப் பங்கிட்டால் போதும். ஆனால் கட்டளைகள் பெருகிவிடும். கட்டளைகளைக் குறைத்தால் வேகம் போய்விடும். எல்லா நற்குணங்களும் ஓரிடத்தில் கூடுவது அரிது என்பதை இவ்வளவு கறாராகச் சொல்லும் பாடநூல் எதையும் நான் கண்டதில்லை.

இவ்வகை விளையாட்டுகள் நேற்று முளைத்தவையும் அல்ல. வாரன் ராபினெட்டும் லெஸ்லி கிரிம்மும் சிறுவர்களுக்காக 1982-இல் உருவாக்கிய 'ராக்கிஸ் பூட்ஸ்' இவற்றுக்கு மூதாதை. திரையில் வரும் உருவங்களில் குறிப்பிட்டவற்றை மட்டும் ஒரு காலணி உதைத்துத் தள்ள வேண்டும். அதற்கான மின்சுற்றைக் குழந்தைகள் கம்பி இணைத்துக் கட்ட வேண்டும். நீல நிறமும் சிலுவை வடிவமும் உடையதை உதைக்க ஒரு வாயில். இரண்டில் ஒன்றாவது உடையதை உதைக்க இன்னொரு வாயில். அதாவது, நாம் இடைச்சொல் என்று படிக்கும் 'உம்'மும் 'ஆவது'ம் அங்கே கம்பியும் வாயிலுமாக நிற்கின்றன. ஆனால் நுட்பமான வேறுபாடு உண்டு. "காப்பியாவது தேநீராவது கொடுங்கள்" என்று கேட்பவர் இரண்டையும் எதிர்பார்ப்பதில்லை. சுற்றில் உள்ள 'அல்லது' வாயில் இரண்டும் வந்தாலும் சரி என்றே சொல்லும். ஒன்று மட்டுமே வேண்டுமானால் அதற்கு வேறு வாயில். ஜார்ஜ் பூல் 1854-இல் சிந்தனையின் விதிகளாக எழுதியவற்றை மின் இணைப்புகளாகக் கட்ட முடியும் என்று கிளாட் ஷானன் 1937-இல் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். அந்த வரலாற்றை ஒரு சிறுவன் காலணியை வைத்துக் கற்றுக்கொள்கிறான்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஓர் ஒப்புதல். இருபது ஆண்டுகளாக யாப்பு நடத்துகிறேன். வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் வரும், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடியும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கானோர். அவர்களில் எவரையும் ஒரு வெண்பா எழுதிப் பார்க்கும்படி நான் சொன்னதில்லை. கையேட்டைக் கொடுத்தேன், பொறியை மறைத்துவைத்தேன். பிறகு, மாணவர்களுக்கு இலக்கணம் கசக்கிறது என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து குறைபட்டுக்கொண்டேன்.

இவ்வாண்டு எழுதச் சொன்னேன். முதல் வாரம் முழுக்கப் புலம்பல். இரண்டாம் வாரம் ஒரு மாணவி தாளோடு வந்து, "கடைசிச் சீர்ல ஓர் அசை மிஞ்சுதுங்க ஐயா, அதை எங்க வைக்கிறது?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்வி. முந்தின அடியில் இடம் இருக்கிறதா பாரம்மா என்றேன். அவள் பார்த்தாள். தளை தட்டியது. இரண்டாம் அடியையே மாற்றினாள். அவள் எழுதியது நல்ல கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெண்டளை என்பது என்ன என்று இனி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னவன் ஐயத்தையும் சொல்லிவிட வேண்டும். இதே நிறுவனத்தின் 'ஷென்ஜென் ஐ/ஓ' 2016-இல் வந்தது. வேலை தேடிச் சீனாவின் ஷென்ஜென் நகருக்குப் போகும் பொறியாளராக நாம் ஆடுகிறோம். நமக்குத் தரப்படும் முதல் பணி ஒரு போலிக் கண்காணிப்புக் கேமரா. அது எதையும் படம் பிடிக்காது. பிடிப்பதுபோல் விளக்குகள் மினுங்க வேண்டும், அவ்வளவுதான். செலவு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, எத்தனை வரிகள் என்று அளக்கிறது விளையாட்டு. இந்தப் பொய்ப் பொருள் எதற்கு என்னும் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. விளக்கு மினுங்கியவுடன் நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் அஞ்ச வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. திறமையின் இன்பம் தன்னளவில் நிறைவானது. எதற்காக என்று அது கேட்பதில்லை. யாப்பு வழுவாத முகத்துதிப் பாடல்கள் நம்மிடமும் மூட்டை மூட்டையாக உண்டு.

அளவுகளுக்கு வெளியே வேறொன்றும் நடக்கிறது. 2017-இல் வந்த 'ஓபஸ் மேக்னம்' விளையாட்டில் நாம் கட்டிய இயந்திரம் இயங்குவதை அசையும் படமாகச் சேமிக்கலாம். அழகுக்கு அங்கே மதிப்பெண் இல்லை. ஆயினும், செலவு கூடினாலும் பரவாயில்லை என்று, நடனம்போல் சுழலும் இயந்திரங்களைக் கட்டிப் பிறருக்குக் காட்டுகிறார்கள். யாரும் கேட்காத ஒன்றை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்னும் இந்த ஆசையைத்தான் நாம் வகுப்பறையில் இலக்கியம் என்ற பெயரில் கற்பிக்க முயல்கிறோம் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்தே கிடக்கிறார்கள் என்று வருந்தும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன விளையாடுகிறார்கள் என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே ஒருவன் மூன்றாவது எண்ணை வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் விடையைச் சொல்லிவிடாமல், எதைக் கட்டுகிறாய், எதற்காகக் கட்டுகிறாய் என்று மட்டும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியை விளையாட்டு கேட்காது.