கல்விக் களம்: வீட்டுக்கு வந்த கல்லூரிக்குக் காவல் யார்?



இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரப் பகுதியில், ஆலைச் சங்கொலி கேட்டுப் பொழுதை அறிந்த காலம் ஒன்றுண்டு. சங்கொலி இன்று அருகிவிட்டது; ஷிப்டு வேலை அருகவில்லை. துறைமுகத்திலும் மணலியிலும் எண்ணூரிலும் இன்றும் எண்ணற்ற இளைஞர்கள் ஒரு வாரம் பகலிலும் மறு வாரம் இரவிலும் உழைத்து வருகின்றனர். இவர்களை மாலைக் கல்லூரியில் சேர்ந்து படியுங்கள் என்று கூறுவது எளிது. சேர்ந்தால் பாதி நாள் வகுப்புக்குப் போக இயலாது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்தபின் பயணத் துன்பம் ஓரளவு குறைந்திருக்கிறது. எனினும் ரயில் விரைவாகப் போவதால் ஷிப்டு முடியும் நேரம் மாறிவிடப் போவதில்லையே!

இத்தகைய குடும்பம் ஒன்றிலிருந்து, திருவொற்றியூரைச் சேர்ந்த சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். 'ஸ்வயம்' தளத்தில் ஒரு பாடம் எடுத்துத் தேற வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்களாம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் மகனோ, சென்னை ஐ.ஐ.டி.யே இணைய வழியில் பட்டம் தருகிறது, நானும் சேரப் போகிறேன் என்கிறானாம். "கைப்பேசியைப் பார்த்துப் படித்துவிட்டு வாங்கும் சான்றிதழை யார் மதிப்பார்கள்? பிள்ளைகளின் அத்தா, பணமும் போய்க் காலமும் போய்விடும் என்று அஞ்சுகிறார்" என்பது அச்சகோதரியின் கவலை. நியாயமான கவலை. இலட்சக்கணக்கானோர் ஒரே வேளையில் படிக்கும் ஒரு வகுப்பில், யார் படித்தார், யார் படித்ததாக நடித்தார் என்பதை எவர் கண்காணிக்கிறார்? அதற்கு விடை தெரிந்தால்தான் அந்தச் சான்றிதழின் மதிப்பும் தெரியும்.

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதியதன்று. 1981இல் சென்னைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 1984 ஆகஸ்டு முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியதும் வயதில் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். தபாலில் வந்த பாடக் கட்டுகளைப் பிரிக்காமலே பரணில் போட்டுவிட்டு, தேர்வுக்கு முந்தின வாரம் 'கைடு' வாங்கிப் படித்துத் தேறியவர்களும் நம்மிடையே உண்டு. அஞ்சல் வழிப் பட்டம் என்றதும் சிலர் முகம் சுளித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாடம் கெட்டுப் போகவில்லை, காவல்தான் தளர்ந்திருந்தது.

பெருந்திரளான மாணவர்க்குரிய திறந்தநிலை இணையப் பாடங்களை ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி 'மூக்' என்கிறார்கள். (முகத்திலுள்ள மூக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை!) 2008இல் கனடாவில் இப்பெயர் பிறந்தது. 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை எவரும் இலவசமாகப் படிக்கலாம் என்று அறிவித்தபோது, ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். உலகமே வியந்தது. முடித்தவர்களோ இருபதாயிரத்துச் சொச்சம். பின்னர் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணைந்து நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, 2017-18இல் பதிந்தவர்களுள் நூற்றுக்கு மூவர் அளவிலேயே முடித்தனர் என்று தெரிவித்தது. அதே கட்டுரையில் மற்றொரு செய்தியும் இருந்தது. கட்டணம் செலுத்தித் தம்மை உறுதி செய்துகொண்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பாதிக்குச் சற்றுக் குறைவானோர் முடித்திருந்தனர். இலவசமாகக் கிடைப்பதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது மனித இயல்பு. கைக்காசைச் செலவிட்டவன் அடிக்கடி எட்டிப் பார்க்கிறான்.

நம் நாட்டில் இவ்வகைக் கல்விக்கு வித்திட்டதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் 'என்.பி.டெல்' என்னும் திட்டத்தைத் தொடங்கின. அதை ஒருங்கிணைத்து வருவது சென்னை ஐ.ஐ.டி. தொடக்கத்தில் அது பேராசிரியர்களின் விரிவுரைகளைப் படம் பிடித்து வைத்த ஒரு நூலகம் போன்றே இருந்தது. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் உள்ள பாடங்கள் நடைபெறுகின்றன. 2017 ஜூலை 9 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கி வைத்தார். இணையம் எட்டாதவர்களுக்கென 'ஸ்வயம் பிரபா' என்னும் தொலைக்காட்சி அலைவரிசைகளும் அன்றே தொடங்கப்பட்டன.

இப்பாடங்களை எவ்வாறு உருவாக்குகிறார்கள் என்பதைச் சிறிது கூற வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு கால்கள்: ஒளிப்பட விரிவுரை, படிப்பதற்குரிய எழுத்துப் பாடம், தன்னைத் தானே சோதிக்கும் வினாக்கள், ஐயம் கேட்கும் களம். நான்கு வாரப் பாடத்தில் பத்து மணி நேர விரிவுரையும் பன்னிரண்டு வாரப் பாடத்தில் முப்பது மணி நேர விரிவுரையும் இருக்கும். முன்னதற்கு ஒரு கிரெடிட், பின்னதற்கு மூன்று. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே படம் பிடித்தால் வீட்டில் எவரும் அமர்ந்து பார்ப்பதில்லை. ஆகவே அரை மணி நேரத் துண்டுகளாகவும் அதனினும் சிறியனவாகவும் பிரிக்கிறார்கள். வகுப்பறையில் மாணவன் முகம் சுருங்கினால் ஆசிரியர் மறுபடி விளக்குவார். காமிராவுக்கு முகம் இல்லை. எங்கே மாணவன் தடுமாறுவான் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பாடத்தை அமைக்க வேண்டும். பல ஆண்டுகள் கற்பித்தவர்க்கே அது கைகூடும்.

நிற்க. காவலுக்கு வருவோம்.

என்.பி.டெல் பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. வாரந்தோறும் ஒப்படைப்பு வினாக்களுக்கு இணையத்தில் விடையளிக்க வேண்டும். இறுதித் தேர்வு எழுத விரும்புவோர் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் செலுத்திப் பதிய வேண்டும். அத்தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. குறித்த நாளில் குறித்த மையத்துக்கு அடையாள அட்டையுடன் நேரில் சென்று, கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் ஒப்படைப்புகளுக்கு 25, நேர்த் தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 25க்கு 10உம் தேர்வில் 75க்கு 30உம் தனித்தனியே பெற்றால்தான் தேர்ச்சி. மாணவர் நோயுற்றோ வேலை மிகுதியாலோ சில வாரங்கள் தவறலாம் என்பதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஒப்படைப்புகளில் சிறந்த எட்டையே கணக்கில் கொள்கிறார்கள். ஷிப்டு வேலை பார்க்கும் பிள்ளைக்கு இவ்விதி எத்துணை உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்படைப்புக்கு 25 மட்டுமே ஏன்? அங்கேதான் திருட்டு நடக்கிறது. ஒவ்வொரு வாரமும் விடைகளை யூட்யூபிலும் டெலிகிராம் குழுக்களிலும் வெளியிடும் கூட்டம் உண்டு. அவற்றைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பத்து வினாக்களையும் நிரப்பிவிட்டு, 'ஒப்படைப்பு முடித்துவிட்டேன் அத்தா' என்று கூறும் பிள்ளையைத் தளம் பிடிப்பதில்லை. எந்த நாளில் சமர்ப்பித்தான், எத்தனை மதிப்பெண் பெற்றான் என்பதைத்தான் கணினி அறியும். விடை எங்கிருந்து வந்தது என்பதை அது அறியாது. மத்ரஸாவில் ஒரு மாணவர் கிதாபை உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக் காட்டாமல் ஸனது பெறுவதில்லை. வயதிலும் அமைப்பிலும் வேறுபட்டாலும், இந்த நேர்த் தேர்வும் அந்த அமர்வின் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே, "யார் மதிப்பார்கள்?" என்று கேட்ட சகோதரிக்கு என் விடை: நேர்த் தேர்வு உள்ள சான்றிதழை மதிக்கலாம், வெறும் பங்கேற்புச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டாம்.

மகளின் பாடத்தைப் பொறுத்தவரை மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் மூலம் படித்துக் கிரெடிட் பெறக் கல்வி நிறுவனங்கள் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்ற சொல் முக்கியமானது. எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை நிறுவனமே முடிவு செய்யும். பாடத்தை முடித்துவிட்டுச் சான்றிதழோடு போய் நின்றால், இது எங்கள் பட்டியலில் இல்லை என்ற விடை வரலாம். சேரும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம். என்.பி.டெல்லின் உள்ளூர்ப் பிரிவு உள்ள கல்லூரிகளில் இதற்கென ஓர் ஆசிரியரைப் பொறுப்பாளராக நியமித்திருப்பார்கள். வழிகாட்டி ஆசிரியர்களும் தம் மாணவர் ஒப்படைப்புகளை முடிக்கிறார்களா என்பதைக் கண்காணிக்க இயலும். அவ்வாசிரியரின் பெயர்கூடத் தெரியாமல் பருவத்தை முடித்துவிடும் மாணவிகள் பலர்.

மகனைப் பற்றி: சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில் தரவு அறிவியல் பட்டப் படிப்பை இணைய வழியில் அறிவித்தது. இதில் சேர ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் கணிதமும் படித்திருத்தல் வேண்டும். நான்கு வாரங்கள் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். இங்கும் பாடம் வீட்டில், தேர்வு மையத்தில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. அடிப்படை நிலை, டிப்ளமோ, பட்டம் எனப் படிப்படியாகச் செல்லலாம். இடையில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த நிலைக்குரிய சான்று கிடைக்கும். ஆனால் பையனுக்குக் கணிதத்தில் பிடிப்பு இல்லையென்றால் இப்படிப்பு கடினம். ஐ.ஐ.டி. என்ற பெயருக்காக மட்டும் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

தந்தையார் அஞ்சும் பண இழப்பு பெரும்பாலும் இவ்விடங்களில் நேர்வதில்லை. 'வேலை உறுதி' என்று தொலைபேசியில் அழைத்து, தவணைக் கடனையும் தாமே ஏற்பாடு செய்து தரும் தனியார் விற்பனையாளர்களிடம்தான் நேர்கிறது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களின் முகவர்போல் நின்று இணையப் பட்டங்களை நடத்த அனுமதியில்லை என்று 2022 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழுவே எச்சரித்தது. இணைய வழியில் பட்டம் தர அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் உள்ளது. பணம் கட்டும் முன் அப்பட்டியலைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

இவ்வளவும் அரசும் கல்லூரியும் வைக்கும் காவல். வீட்டுக் காவல் ஒன்றும் உண்டு. ஒளித்து நின்று பிள்ளையின் கைப்பேசியைப் பார்ப்பதை நான் சொல்லவில்லை. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் ஒற்றை அறையில் ஐவர் வாழும் வீடுகள் எத்தனை! ஒரே கைப்பேசி, பகலில் அது தந்தையுடன் வேலைக்குப் போய்விடும். இரவில் வந்ததும் தம்பிக்கு விளையாட்டு, பாட்டிக்கு உறவினர் அழைப்பு. இதற்கிடையில் அக்காள் எப்போது வாரத்துக்கு இரண்டரை மணி நேர விரிவுரையைக் கேட்பாள்? 'படிக்கிறேன் என்று சொல்லி எந்நேரமும் போனைப் பார்க்கிறாள்' என்ற ஏச்சு வேறு. பையன் பார்த்தால் படிப்பு, பெண் பார்த்தால் பொழுதுபோக்கு என்று கருதும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை கைப்பேசி அவளுக்குரியது என்று தாய் தீர்த்துச் சொல்லிவிட்டால், அது எந்தக் கணினிக் கண்காணிப்பையும் விடப் பயன் தரும்.

தேர்வு நாளுக்கும் இப்போதே வழி செய்ய வேண்டும். விருப்பமான நகரத்தைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, மையம் நம் தெருவில் அமையும் என்பதற்கு உறுதியில்லை. தாம்பரம் பக்கமும் அமையலாம். மூன்று மாதம் படித்த பெண்ணை, கூட்டிப் போக ஆளில்லை என்ற ஒரே காரணத்தால் அன்று வீட்டில் இருத்திவிட்டால், முக்கால் பங்கு மதிப்பெண் அன்றே போய்விடும். அண்ணனோ சிற்றப்பாவோ அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்கூட்டியே விடுப்புச் சொல்லி வைக்கட்டும். ஷிப்டு மாற்றிக்கொள்வது நம் பகுதிக்குப் புதிதா என்ன!

மொழித் தடையையும் மறைப்பதற்கில்லை. விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் வழியில் படித்து வந்த மாணவி முதல் வாரத்திலேயே மிரண்டு விலகிவிடுவாள். என்.பி.டெல் பல பாடங்களின் உரையை எழுத்து வடிவில் தருகிறது. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. முதலில் உரையை வாசித்துவிட்டு, பின்னர் வேகத்தைக் குறைத்து ஒளிப்படத்தைக் கேட்டால் பாதி அச்சம் தீரும். கண்டெய்னர் முனையங்களின் ஆவண வேலைகளையும் சுங்க நடைமுறைகளையும் படகு எஞ்சின் பராமரிப்பையும் தேர்ந்த ஆசிரியர்கள் தமிழிலேயே இத்தகைய பாடங்களாக்கினால், கற்கவும் கற்பிக்கவும் தகுந்தவர்கள் நம் தெருக்களிலேயே கிடைப்பார்கள்.

வீட்டில் அமைதியான இடம் இல்லாதோர்க்கென, 2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறக்கப்பட்டது. குறைந்த கட்டணத்தில் அமர்ந்து படிக்க இடமும் இணைய வசதியும் அங்குண்டு. அத்துணைப் பெரிய கட்டடம் நம்மால் கட்ட இயலாது. ஆயினும் மஹல்லாக்களில் திருமண நாள்கள் தவிரப் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களுக்குக் குறைவில்லை. நான்கு மேசை, ஓர் இணைய இணைப்பு, மாணவியர்க்குத் தனி நேரம், பொறுப்புக்குப் படித்த பெண்மணி ஒருவர். ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதனைப் பேசுவார்களாக.

என்.பி.டெல் பாடங்கள் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. சேர்வதற்குரிய கடைசி நாள் ஒன்று, தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் மற்றொன்று. இரண்டும் ஒன்றென்று எண்ணித் தவறவிட்டோர் உண்டு. இரண்டையும் நாட்காட்டியில் குறித்து வைக்கவும். எந்தப் பாடத்துக்கு எந்த வேலை என்று கேட்டு வந்துள்ள பிற கடிதங்களை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.