‘செட்டு’க்குத் தமிழ் என்ன?

கோடம்பாக்கத்தில் விடியற்காலையில் ஒரு தேநீர்க் கடையின் முன் ஒரு நாழிகை நின்று செவிகொடுப்பார்க்கு ஓர் உண்மை விளங்கும். “இன்றைக்குச் செட்டு எங்கே?” என்பார் தச்சர் ஒருவர். “இரண்டு செட்டு உடை எடுத்து வை” என்பார் ஆடைப் பொறுப்பாளர். “முடி செட்டு ஆகவில்லை” என்பார் ஒப்பனையாளர். “அவரோடு எனக்குச் செட்டு ஆகாது” என்பார் துணை நடிகர். “விடு, அவர் செட்டே வேறு” என்பார் அவர்தம் நண்பர். பேசியோர் ஐவர், பேசிய பொருளும் ஐந்து, சொல்லோ ஒன்று. அவ்வொன்றும் தமிழன்று.

இச்சொல் கோடம்பாக்கத்தோடு நின்றுவிடவும் இல்லை. உழவனின் கிணற்றடியில் அது பம்புசெட்டு. ஊர்த் திருவிழாவில் மைக்செட்டு. முதியோர் வாயில் பல்செட்டு. உண்டிச்சாலையில் செட்டுத் தோசை. தயிர் உறையாவிடினும் இல்லத்தரசியார் “செட்டு ஆகவில்லை” என்கின்றார். இத்தனை இடங்களிலும் தமிழுக்குச் சொல் இல்லாமற் போயிற்றா? எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் வாழ்வு பெருவாழ்வு. 1989-இல் வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகரமுதலியின் இரண்டாம் பதிப்பில் மற்றெல்லாச் சொற்களினும் மிக நீண்ட விளக்கம் பெற்றது இதுவே. அதற்குக் காட்டப்பட்ட பொருள்கள் 400-க்கும் மேற்பட்டவை. பின்னர் நடந்த திருத்தப் பணியில், ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் சொல் அதனை முந்திற்று. இத்துணைப் பொருளும் யாங்ஙனம் வந்தன? உட்கார்தலைக் குறிக்கும் ‘சிட்’ என்பதன் பிறவினையே ‘செட்’. தமிழில் இரு என்பது இருத்து என்றும், அமர் என்பது அமர்த்து என்றும், நில் என்பது நிறுத்து என்றும் ஆவது போன்றதே அது. இருத்துதற் பொருளினின்று வைத்தல், அமைத்தல், நிறுவுதல், இறுகுதல் எனப் பொருள்கள் கிளைத்தன. தொகுதி என்னும் பொருளோ வேறோர் ஊற்றினின்று வந்தது. பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த ‘செக்தா’ என்னும் இலத்தீன் சொல், பழம் பிரெஞ்சின் வழியே ஆங்கிலம் புகுந்து, ஒலியொப்புமையால் முன்னதனோடு கலந்துவிட்டது. ஆங்கிலேயன் வாயில் ஒன்றாய்த் தோன்றுவது வரலாற்றில் இரண்டு.

பலபொருள் ஒருசொல் தமிழுக்கும் புதியதன்று. தொல்காப்பியர் உரியியலில் ‘கடி’ என்னும் ஒரு சொல்லுக்கு வரைவு, கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, விளக்கம், மிகுதி, சிறப்பு, அச்சம் எனப் பொருள்களை அடுக்கிச் செல்கின்றார். ஆதலின் பல பொருள் தருதல் ஒரு சொல்லுக்குக் குற்றமாகாது. ஆயின், ‘கடி’ தமிழ் மண்ணில் முளைத்துக் கிளைத்த சொல். அது தன் உடன்பிறந்த சொற்களைத் தின்று வளரவில்லை. காவலும் இருந்தது, விரைவும் இருந்தது, அச்சமும் இருந்தது. ஆங்கிலத்திலும் அங்ஙனமே. ‘செட்’ எத்துணைப் பெருகினும், இணைக்கும் கொத்துக்கும் மந்தைக்கும் அம்மொழியார் வைத்திருக்கும் தனிச்சொற்கள் இன்றும் வழங்குகின்றன. தமிழன் வாயிலோ இச்சொல் வந்து குந்திய இடமெல்லாம் இருந்த சொல் எழுந்து போய்விட்டது.

இங்கேதான் தீங்கின் அளவை உணர்தல் வேண்டும். ஒரு பொருளுடைய அயற்சொல் புகுந்தால் ஒரு தமிழ்ச்சொல் வழக்கிழக்கும். பல பொருளுடைய அயற்சொல் புகுந்தாலோ ஒரு சொற்குடும்பமே வழக்கிழக்கும். தமிழ்ச் சொல்வளத்தை விளக்கப் புகுந்த மொழிஞாயிறு பாவாணர், பயிர்களின் குலைவகையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரைக்குக் கொத்து, கொடிமுந்திரிக்குக் குலை, வாழைக்குத் தாறு, சோளத்திற்குக் கதிர், வாழைத்தாற்றின் பகுதிக்குச் சீப்பு எனப் பகுத்துக் காட்டினார். கண்டதைக் கண்டவாறு பெயரிட்ட முன்னோரின் நுண்ணறிவு அது. இன்று சென்னைச் சிறுவன் ஒருவன் சீப்பையும் ‘ஒரு செட்டு’ என்று கேட்பானாயின், அவன் இழந்தது சொல்லை மட்டுமன்று. தாற்றுக்கும் சீப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காணும் கண்ணையும் இழந்தான்.

எனின், ‘செட்டு’க்குத் தமிழ் என்ன? தமிழன்பர்கள் பலரும் கேட்கும் வினா இது. வினாவே பிழை என்பதை ஒளிக்காமற் சொல்லுதல் வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தேடுவார் ‘தொகுதி’ என்று விடை கூறி அமைவர். இரண்டு தொகுதி உடை என்றால் ஒருவாறு பொருந்தும். தயிர் தொகுதியாகுமோ? முடி தொகுதியாகுமோ? தொகுதி என்றதும் தேர்தலை நினைக்கும் மக்கள் நகைப்பர். நகைத்துவிட்டுச் ‘செட்டு’க்கே திரும்புவர். பழி தமிழின்மேல் விழும். அயற்சொல்லை அப்படியே பெயர்க்க முயல்வது, அதன் எண்ணப் போக்கைத் தமிழுக்குள் குடியேற்றுவதே ஆகும். கேட்க வேண்டிய வினா வேறு: “இவ்விடத்தில் இச்சொல் எப்பொருளில் வருகின்றது?”

அங்ஙனம் கேட்ட அளவிலேயே விடைகள் வரிசையாய் வந்து நிற்கும். புதிதாய்ப் புனைய வேண்டியவை மிகச் சில. தயிர் உறையும் அல்லது தோயும். சாந்து இறுகும். முறிந்த எலும்பு கூடும். முடி படியும். மனம் ஒக்கும். வேலை பொருந்தும். பழகுவோர் கூட்டாளிகள். கலங்கள் அடுக்கு. காலணி இணை. முதியோர்க்குக் கட்டுப்பல். விழாவுக்கு ஒலிபெருக்கி. கிணற்றுக்கு இறைவைப் பொறி. இவற்றுள் பெரும்பாலான பாட்டியர் நாவில் இன்றும் உள்ளவை. கணக்கியலில் கூட இவ்வழியே பயன் தந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கூட்டப் பொருளைக் கருதிக் ‘கணம்’ என்றன. ஈழத் தமிழரோ தொடுக்கப்பட்டது என்னும் பொருளைக் கருதித் ‘தொடை’ என்றனர். மாலைக்கும் யாப்புக்கும் உரிய சொல் அங்கே கணக்குக்கும் உரியதாயிற்று.

இனிக் கோடம்பாக்கத்தின் ‘செட்டு’க்கு வருவோம். அதன் தமிழ் அரங்கு. இது நேற்றுப் புனைந்ததன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கின் அளவையே வகுத்துரைக்கின்றது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், கோல் ஒன்றுக்குப் பெருவிரல் அளவு 24. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி எனத் திரை மூவகை. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தும் முறையும் அங்கே உண்டு. இன்றைய ஒளிப்பதிவாளர் படும் பாடும் அந்நிழலோடுதானே! 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ படத்திற்காக மும்பையின் தாராவியைச் சென்னையிலேயே எழுப்பிக் காட்டிய தோட்டா தரணியின் பணி நாட்டு விருது பெற்றது. அத்தகு கைவினை அரங்கமைப்பு என்றே பெயர்பெறத் தகும். அதற்குரிய பொருள்கள் அரங்கப் பொருள்கள்.

“மொழிகள் கடன் வாங்கித்தானே வளர்கின்றன?” என்பார் உளர். ஆங்கிலமும் தமிழினின்று கட்டுமரத்தையும் சுருட்டையும் மிளகுத்தண்ணீரையும் வாங்கிற்று. தன்னிடம் இல்லாத பொருளுக்கு, ஒவ்வொன்றாய் வாங்கிற்று. இருந்த சொல்லை எறிந்துவிட்டு வாங்கவில்லை. களஞ்சியம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு அண்டை வீட்டில் அரிசி கேட்பதைக் கடன் என்று எவரும் சொல்லார்.

திரைத்துறையால் இயலாதென்பதும் பொய். டைரக்சன் இயக்கமாயிற்று, எடிட்டிங் படத்தொகுப்பாயிற்று, ஒளிப்பதிவு என்னும் சொல்லை இன்று அறியாதார் இல்லை. 2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அறிவிக்கப்பட்டதும் தலைப்புகள் தமிழாயின. திரையில் எழுதுவது தமிழாயிற்று. தச்சரும் வண்ணம் பூசுவோரும் மின்பணியாளரும் வேலை செய்யுமிடத்தில் பேசுவது தமிழாகவில்லை. விசயா வாகினி இருந்த இடத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. கட்டடங்கள் போயும் ‘செட்டு’ மட்டும் போகவில்லை.

அதைப் போக்க அரசாணை வேண்டா, வரிவிலக்கும் வேண்டா. அழைப்புத்தாளில் ‘அரங்கு’ என்று எழுத ஓர் உதவி இயக்குநர் போதும். ‘செட்டு’ என்று சொல்லும் பிள்ளையை, “எப்பொருளில் சொன்னாய்?” என்று கேட்க ஓர் ஆசிரியரோ தாயோ போதும். தமிழன்பர் ஒவ்வொருவரும் இத்திங்கள் முழுதும் தம் வீட்டில் இவ்வினாவைக் கேட்டு வருவாராக. விடை ஒவ்வொரு முறையும் வேறாய் வரும், தமிழாய் வரும்.