முதல் பட்டதாரிக்கு வழிகாட்டி யார்?

பத்துபஸ்தியிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் கொத்து வேலை, பெயிண்டு வேலை, கடை வேலை என்று வந்து நிலைத்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரி வாசலை மிதிக்கிறார்கள். குடும்பத்தில் முதன்முறையாக ஒரு பட்டதாரி வரப்போகிறார் என்றால் அது சாதாரண மகிழ்ச்சியல்ல. ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்தது பாதிக் கிணறுதான். மீதிக் கிணற்றைத் தாண்டும்போதுதான் பலர் தவறி விழுகிறார்கள்.

தீவுகளில் உயர்கல்விக்கு நெடிய வரலாறு கிடையாது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா 1967-ல்தான் தொடங்கப்பட்டது. வடக்கே மாயாபந்தரில் அரசுக் கல்லூரி வந்தது 1990-ல். அதற்கு முன் படிக்க விரும்பியவர் மூன்று நாள் கப்பலேறி அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் சுமார் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பிழைப்புத் தேடி வந்த அந்தப் பெற்றோரில் பலர் கல்லூரியைக் கண்டதில்லை. இது அவர்களுடைய குற்றமன்று. ஆனால் அதன் விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்குச் சில செய்திகள் சாப்பாட்டு வேளையிலேயே காதில் விழுந்துவிடும். வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது, அரியர் விழுந்தால் குறித்த தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், போனஃபைடு சான்றிதழை யாரிடம் கேட்பது என்பவை அத்தகைய செய்திகள். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு இவற்றைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. கவுண்டரில் கேட்கக் கூச்சம். கேட்டால் 'நாளைக்கு வா' என்ற பதில். இரண்டு முறை திரும்பியவன் மூன்றாம் முறை போவதில்லை. படிப்பில் தோற்றவனைவிடக் காகிதத்தில் தோற்றவனே பரிதாபத்துக்குரியவன்.

உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்திற்கு மிகாதவர்களுக்கு மத்திய அரசு, பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. இதற்கு விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கல்லூரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை. ஒருமுறை கிடைத்தால் தானாகவே தொடரும் என்று எண்ணியிருப்பவனுக்கு இரண்டாம் ஆண்டில் பணம் வராது. ஏன் வரவில்லை என்றும் தெரியாது.

தீவுவாசிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் 2010 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கெனத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அது அம்மாநில அரசின் ஏற்பாடு. தீவுக் கல்லூரிகளைத் தொடாது. மேலும், இத்தீவுகளுக்கெனத் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் அறிவிக்கப்படவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சாதிச் சான்றிதழ் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை விசாரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். ஊர் உறவினர் சொன்னதை நம்பி இருந்துவிடுபவர் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோமே என்று நிர்வாகம் சொல்லலாம். அறிவிப்பு மட்டும் போதுமா? அமெரிக்காவில் 2008-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வருமான வரிக் கணக்கு எழுத வந்த எளிய குடும்பங்களில் ஒரு சாராருக்குக் கல்வி உதவிப் பணத்திற்கான படிவத்தை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு விவரம் மட்டும் சொல்லி அனுப்பினார்கள். உதவி இல்லாத குடும்பங்களில் 34 விழுக்காடு பிள்ளைகள் கல்லூரி சேர்ந்தபோது, படிவம் நிரப்பிக் கொடுத்த குடும்பங்களில் 42 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். விவரம் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது அங்கும் உண்மையாயிற்று.

கல்லூரிக்கு வந்தவன் குழந்தையா, கையைப் பிடித்து அழைத்துச் செல்ல என்று சிலர் கேட்பார்கள். படித்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் அப்பாவோ சித்தப்பாவோ கையைப் பிடித்துத்தான் அழைத்துச் செல்கிறார்கள். அது வீட்டுக்குள் நடப்பதால் வெளியே தெரிவதில்லை. அந்த உதவி இல்லாதவனுக்குக் கல்லூரி கொடுத்தால் மட்டும் அது சலுகையாகத் தோன்றுவது என்ன நியாயம்?

ஆகவே ஒவ்வொரு கல்லூரியிலும் முதல் தலைமுறை மாணவர்களைக் கவனிக்கவென்றே ஓர் ஊழியரை நியமிக்க வேண்டும். அவருக்கென மேஜையும் குறித்த நேரமும் வேண்டும். சேர்க்கையின்போதே இம்மாணவர்களின் பெயர்ப் பட்டியலை அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் வராதவனை அவரே தேடி விசாரிக்க வேண்டும். தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி எனப் பெற்றோரின் மொழியில் பேசத் துணைக்கு ஆள் வேண்டும். நல்ல மனமுள்ள ஆசிரியரோ எழுத்தரோ இன்று இதைச் செய்தால் தம் சொந்த நேரத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும். அவர் மாற்றலாகிப் போனால் உதவியும் போய்விடும். தர்மமாக நடப்பது கடமையாக மாற வேண்டும். அவருடைய வேலைக் கணக்கிலும் அது ஏற வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. படிவம் நிரப்புவதிலேயே ஆயுளைக் கழித்த எழுத்தர்கள் நம்மவரில் எத்தனையோ பேர். சேர்க்கைக் காலத்திலும் உதவித்தொகைக் காலத்திலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அவர்கள் ஒதுக்கி, பத்துபஸ்தியில் ஒரு பொது இடத்தில் உட்கார்ந்தால் பல பிள்ளைகளின் காகிதங்கள் சீராகிவிடும். பெற்றோரும் ஒருநாள் கூலி போனாலும் போகட்டும் என்று கல்லூரிக்கு ஒருமுறை சென்று வர வேண்டும். படிக்காதவர் என்று தயங்க வேண்டாம். பிள்ளைக்குப் பின்னால் கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், 'நாளைக்கு வா' என்ற பதில் அத்தனை எளிதாக வராது.

முதல் பட்டதாரி கரையேறிவிட்டால் அவன் தம்பி தங்கைக்கு வெளியாள் யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. அந்த ஒருவனுக்கு மட்டும் இன்று துணை நின்றால் போதும்.