கல்லின் பிறப்பிடம்

பழஞ்சின்னங்களைக் கண்டு வியப்பார் பலர். அவற்றின் கற்கள் யாண்டுப் பிறந்தன என வினவுவார் சிலரே. தமிழ் பயிலும் நமக்கு அவ்வினா எற்றுக்கு என்னும் நண்பரும் உளர். அது நமக்கும் உரியதே என்பது எம் துணிபு.

இங்கிலாந்தில் சாலிஸ்பரிச் சமவெளியில் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டத்தைக் கருதுக. அயர்லாந்தில் அரக்கர் நாட்டிய கற்களை மெர்லின் என்னும் மாயவன் கொணர்ந்தான் என 12-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தனர். கதை இனியதே, ஆயின், கல்லோடு மெய்வருந்திய மாந்தர் அதனுள் மறைந்தொழிந்தனர். அவர்தம் உழைப்பை மீட்டுத் தந்தது கல்லாராய்ச்சியே. 1923-இல் நிலநூலறிஞர் ஹெர்பர்ட் தாமஸ், அங்குள்ள நீலக்கற்களை உருப்பெருக்கியால் ஆராய்ந்து, அவை 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மேற்கு வேல்ஸின் பிரிசெலி மலையைச் சார்ந்தவை என நிறுவினார். பனியாறே அவற்றைத் தள்ளி வந்தது என்பாரும் உளர்; சமவெளியில் அதன் தடம் காணப்படாமையின், மாந்தர் முயற்சி என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

பெருங்கற்களின் வரலாறு பின்னரே விளங்கிற்று. 1958-இல் விரிசலுற்ற கல்லொன்றைச் செப்பனிடத் துளைத்தபொழுது வெளிவந்த கற்றுண்டு ஒன்றைப் பணியாளர் ஒருவர் அறுபதாண்டு காத்து, 2018-இல் திருப்பியளித்தார். அதன் வேதியற் கூறுகளை ஆராய்ந்தோர், அக்கல் வடக்கே 25 கிலோமீட்டரளவில் உள்ள வெஸ்ட் உட்ஸ் என்னும் காட்டினது என்றும், எஞ்சிய பெருங்கற்கள் 52-இல் 50 ஒரே இனத்தன என்றும் 2020-இல் வெளியிட்டனர்.

நடுவே கிடக்கும் பலிபீடக்கல் 6 டன் எடையுள்ள மணற்கல்லாகும். அதுவும் வேல்ஸ் நாட்டினதே என நூற்றாண்டாக நம்பினர். நீலக்கல்லில் மெய்கண்ட தாமஸும் இதில் வழுவினார். மணற்கல்லில் செறிந்த சிர்க்கான் முதலிய நுண்மணிகளில் யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகத் திரிகின்றது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் மணியின் வயது புலனாகும். அவ்வயதுகள் வேல்ஸோடு ஒவ்வாது, ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பாறைகளோடு ஒத்தன என 2024-இல் அறிவித்தனர்.

நண்பர்களே! திருந்திய ஏடொன்று கிடைத்தால், நெடுநாள் ஓதிய பாடத்தையும் விடுகின்றோம் அன்றோ? கற்சான்றும் அத்தகைய ஏடே. பழங்கருத்தைத் திருத்துவதால் முன்னோர் பெருமை குன்றாது. திருத்த மறுப்பதே அவர்க்கு இழுக்காம். பெருந்தூணை வியப்போர் அதன் சிறு சில்லையும் எறியாது காக்க. மெய்ம்மை அதனுள் உறைதல் கூடும்.