அச்சத்துக்கு மதிப்பெண் இடலாமா?

'அறிவியல் பாடம் நடத்துகையில் எனக்குப் பதற்றம் உண்டாகிறது.' இதுபோன்ற கூற்றுகளைத் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் நீட்டி, முற்றிலும் உடன்படுவது முதல் முற்றிலும் மறுப்பது வரை ஐந்து கட்டங்களில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் வகுத்தளித்த முறை இது. மனத்தைக் கட்டங்களுக்குள் அடைப்பதா என்று இலக்கிய வாசகர்களாகிய நாம் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் இதை அவசரமாக ஒதுக்கிவிடலாகாது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் பெரும்பாலும் எல்லாப் பாடங்களையும் ஒருவராகவே நடத்துபவர். மொழியும் கணக்கும் கைவந்த ஒருவரை, மின்சுற்று பற்றிய ஒரு குழந்தையின் கேள்வி திகைக்க வைத்துவிடலாம். ஸ்காட்லாந்து ஆசிரியர்களைப் பற்றி வின் ஹார்லெனும் காலின் ஹோல்ராய்டும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய தன்னம்பிக்கைக் குறைவு வகுப்பறையில் பூணும் வேடங்களைச் சொல்கிறது: இயற்பியலைக் குறைத்து உயிரியலைக் கூட்டுவது, பாடநூலை இறுகப் பற்றிக்கொள்வது, கேள்விகளுக்கு இடந்தராமல் விளக்கிக்கொண்டே போவது, தவறிப்போகக்கூடிய சோதனைகளைத் தவிர்ப்பது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒழுங்கான வகுப்பு. குழந்தை இழந்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவேதான் அளவீடு வேண்டும் என்கிறோம்.

2013இல் நெதர்லாந்தின் வான் ஆல்டரன்-ஸ்மீட்ஸ், வால்மா வான் டெர் மோலென் இருவரும் வெளியிட்ட அளவுகோல், கற்பிப்பதில் உள்ள மகிழ்ச்சியையும் பதற்றத்தையும் தனித்தனியே அளக்கிறது. நேரம், கருவிகள் போன்ற புறச்சூழலைத் தாம் எவ்வளவு சார்ந்திருப்பதாக ஆசிரியர் உணர்கிறார் என்றும் கேட்கிறது. இக்கடைசிக் கேள்வியே நமக்கு முக்கியமாகப்படுகிறது. காந்தமும் கம்பியும் தராத நிர்வாகம், ஆசிரியரின் ஆர்வக்குறைவை மட்டும் எண்ணிப் பார்ப்பது நியாயமாகாது.

அதனினும் பெரிய கேள்வி, நிரப்பிய தாள் யார் கைக்குப் போகிறது என்பது. பதவி உயர்வைத் தீர்மானிக்கும் மேலதிகாரியின் கைக்கென்றால், 'அஞ்சுகிறேன்' என்று எவர் எழுதுவார்? எல்லாரும் அஞ்சாநெஞ்சராகிவிடுவர், பயிற்சி தேவைப்படுவோர் கண்ணுக்குத் தட்டுப்படவே மாட்டார்கள். விடைகள் பெயரின்றிப் பெறப்பட வேண்டும். பயிற்சியைத் திட்டமிடவும், அது பயன் தந்ததா என்று பார்க்கவும் மட்டுமே பயன்பட வேண்டும்.

'எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து செய்து பார்ப்போம்' என்று குழந்தைகளிடம் சொல்லத் துணியும் ஆசிரியரையே அறிவியல் வகுப்பு வேண்டுகிறது. தெரியவில்லை என்பதை அவர் முதலில் ஒரு தாளிலேனும் தண்டனைக்கு அஞ்சாமல் எழுத முடியட்டும்.