சோர்வு ஒரு குற்றமா?

விளையாட்டு விழா என்றாலே நமக்கெல்லாம் கொண்டாட்டந்தான். கொடியேற்றம், அணிவகுப்பு, கைதட்டல், வெற்றிக் கேடயம்! ஆனால் அக்கேடயத்துக்காக ஓடுகிறவளின் உள்ளம் எப்படியிருக்கிறது என்று நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

எங்கள் அணியில் தடை ஓட்ட வீராங்கனை ஒருத்தி இருக்கிறாள். விடியற்காலையில் பயிற்சி, பின்பு பள்ளி, மாலையில் மீண்டும் பயிற்சி, இரவில் பொதுத்தேர்வுக்குப் படிப்பு. மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில் தடையில் கால் தட்டி விழுந்தாள், கணுக்கால் பிசகியது. கால் சரியான பின்பும், "இந்த ஆண்டு நான் ஓடவில்லை" என்றாள். நாங்கள் என்ன செய்தோம்? "பயந்துவிட்டாள்" என்றோம். "நம் புள்ளிகள் போயின" என்று அவள் காதுபடப் பேசினோம். அவளுடைய தாயார் இரண்டு மாதங்களாக மருத்துவமனையில் இருந்ததும், தம்பிக்குச் சமைத்து வைத்துவிட்டே அவள் நாள்தோறும் மைதானத்துக்கு வந்ததும் பிறகுதான் தெரிந்தன. வெட்கித் தலைகுனிந்தோம். அந்த வெட்கமே எங்களை எழுதத் தூண்டியது.

வீட்டுக் கவலைக்கும் காலில் பட்ட அடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. 1988-இல் ஆண்டர்சன், வில்லியம்ஸ் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் இதை விளக்கினர். மனத்தில் பாரம் ஏறும்போது தசைகள் இறுகுகின்றன. கவனம் குறுகிச் சிதறுகிறது. பக்கவாட்டில் இருப்பது கண்ணுக்குச் சரியாகப் படுவதில்லை. தடையைத் தாண்டுகிறவளுக்கு ஒரு நொடியில் சிறு பங்கு தவறினாலும் போதும், விழுந்துவிடுவாள். "தோற்றுவிடுவேன், எல்லாரும் ஏசுவார்கள்" என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால், அந்த இறுக்கம் இரட்டிப்பாகும்.

இந்நிலை நீடித்தால் என்ன ஆகும்? விளக்கில் எண்ணெய் வற்றிய பின் திரியே எரிவதுபோல் மனம் கருகத் தொடங்கும். 1974-இல் நியூயார்க் நகர மருத்துவ நிலையமொன்றில் தொண்டாற்றியவர்களிடம் இதைக் கண்டு எழுதினார் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலார். பின்னர் வந்த அறிஞர்கள் விளையாட்டு வீரர்களிடமும் இதைக் கண்டனர். அதன் அடையாளங்கள் மூன்று: உடலும் உள்ளமும் ஓய்ந்து போதல்; எவ்வளவு செய்தாலும் ஒன்றும் சாதிக்கவில்லை என்று தோன்றுதல்; உயிராய் நேசித்த விளையாட்டே கசந்து போதல்.

"சோர்ந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டால் யார்தான் வெல்வது? ஒழுங்கு என்ன ஆவது?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் சோம்பல் வேறு, சோர்வு வேறு. சோம்பேறி விளக்கை ஏற்றவே இல்லை. சோர்ந்தவளோ எண்ணெய் தீரும்வரை எரிந்தவள். இருவருக்கும் ஒரே தண்டனை தருவது நீதியாகுமா?

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் குழுப் போட்டியின் நடுவில் விலகினார். காற்றில் சுழலும்போது தம் உடல் எங்கிருக்கிறது என்ற உணர்வே தவறிப்போயிற்று. அந்நிலையில் குதித்தால் கழுத்து முறியவும் கூடும். "நாட்டைக் கைவிட்டார்" என்று ஏசியவர்களும் உண்டு. அவரோ தம் மனநலத்தைக் காக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் மீண்டும் வந்து வெண்கலம் வென்றார். 2024-இல் பாரிசில் மூன்று தங்கம் வென்றார். அன்று அவர் நிற்காதிருந்தால் இந்தத் தங்கம் ஏது?

வேதாகமத்தில் எலியா இறைவாக்கினரின் வரலாற்றை நாம் படித்திருக்கிறோம். பெரும் வெற்றி கண்ட அவரே, அதன்பின் பாலைநிலத்துக்கு ஓடி, சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாக வேண்டும் என்று மன்றாடினார். இறைவன் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. உறங்க விட்டார். வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் தந்தார். மீண்டும் உறங்க விட்டார். அதன் பிறகே நாற்பது நாள் பயணத்துக்கு எழுப்பினார். சோர்ந்தவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமோ?

ஆகவே சில வேண்டுகோள்கள். பெற்றோரே, மகள் மைதானத்திலிருந்து திரும்பியதும் "வென்றாயா?" என்று கேட்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். ஆசிரியைகளே, அருட்சகோதரிகளே, பயிற்சிக்கு நாள் குறிப்பது போலவே ஓய்வுக்கும் நாள் குறித்துத் தாருங்கள். ஒருத்தி தொடர்ந்து தடுமாறினால், அவள் வீட்டு நிலையையும் அன்போடு விசாரியுங்கள். வாட்டம் நீங்காவிடில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் இழிவொன்றும் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து உண்பதை யாரேனும் இழிவென்பாரா?

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. "என்னால் முடியாது" என்ற எண்ணம் எழுந்தால் முழு ஓட்டத்தையும் எண்ணி மலையாமல், அடுத்த தடையை மட்டும் நோக்குவோம். அதுவும் முடியாதபோது, மனத்துக்குள் புழுங்காமல் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்வோம். சொல்ல வருகிறவளைக் கேலி பேசி விரட்டாதிருப்போம்.

அந்தத் தோழியிடம் நாங்கள் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அவள் சிரித்தாள். இப்போது மாலை வேளைகளில் மைதானத்து வேப்பமரத்தடியில் எங்களோடு அமர்ந்திருக்கிறாள். மீண்டும் ஓடுவாளா என்று நாங்கள் கேட்பதில்லை. ஓடினால் மகிழ்வோம், ஓடாவிட்டாலும் அவள் எங்கள் தோழியே!