மூணு ஆட்டம் ஜெயிச்சா போதுமா?

அமெரிக்காவுல கல்லூரி ஃபுட்பால் நடக்கிற மாசங்களும் நம்ம சம்பா பட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆவணியில தொடங்கி கார்த்திகையில லீக் ஆட்டங்கள் முடிஞ்சிடும். டென்வர்ல வேலை பாக்கிற அக்கா மகன் புண்ணியத்துல சில வருசமா இதைப் பாத்துட்டு வர்றேன். பட்டத்தோட ஆரம்பத்துலயே ஒரு அணியைத் தூக்கிவைக்கிறதும், ஒரே வாரத்துல தூக்கிப்போடுறதும் அங்க சகஜம். அதைப் பத்தித்தான் இன்னிக்கு.

முதல்ல ஆட்டம். இது நாம சொல்ற கால்பந்து இல்லீங்க. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கையில வச்சு ஓடணும், இல்ல எறிஞ்சு பிடிக்கணும். நாலு வாய்ப்புக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும். பந்தை எறியறவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால அஞ்சு கனத்த ஆளுங்க வரப்பு கட்டின மாதிரி நின்னு, பாய்ஞ்சு வர்ற எதிராளியைத் தடுக்கணும். இந்த அஞ்சு பேரோட பேரை யாரும் பெருசா சொல்றதில்ல. ஆனா கதை இவங்ககிட்டதான் இருக்கு.

2023-ல கொலராடோ பல்கலைக்கழக அணி. முந்தின வருசம் 12 ஆட்டத்துல ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிச்சிருந்தாங்க. புதுசா பயிற்சியாளரா வந்தவர் டியான் சாண்டர்ஸ், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர். வந்ததும் பழைய ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களை அனுப்பிட்டு, எண்பதுக்கும் மேல புது ஆளுங்களை எடுத்தார். 2021-ல இருந்து ஒரு காலேஜ்ல ஆடுற பையன் ஒரு வருசம் உக்காந்திருக்காம நேரா இன்னொரு காலேஜுக்கு மாறி ஆடலாம்னு விதி வந்துடுச்சு. அந்த வழியில நிறைய பேர் வந்தாங்க. வெளி நாற்றங்கால்ல இருந்து நாத்து வாங்கி ஒரே நாள்ல வயல் பூரா நட்ட மாதிரி.

முதல் ஆட்டம், செப்டம்பர் 2. எதிரணி முந்தின பருவத்துல இறுதிப்போட்டி வரைக்கும் போன டெக்சஸ் கிறிஸ்டியன். அவங்க மைதானத்துலயே போயி 45-42ன்னு ஜெயிச்சாங்க. பயிற்சியாளரோட மகன் ஷெடூர் சாண்டர்ஸ் 510 கெஜம் எறிஞ்சார். டிராவிஸ் ஹன்டர்னு ஒரு பையன் தாக்குறப்பவும் ஆடுறான், தடுக்கிறப்பவும் ஆடுறான். இந்தக் காலத்துல அது அபூர்வம். அடுத்த வாரம் நெப்ராஸ்கா, 36-14. மூணாவது கொலராடோ ஸ்டேட், கூடுதல் நேரத்துல 43-35. மூணுக்கு மூணு. நாடே பேசுச்சு. அக்கா மகன் போன் பண்ணி, "மாமா, இந்த வருசம் நம்ம பசங்கதான்"னான்.

அவன் சொன்ன பலம் எதுவும் பொய்யில்ல. எறியறவர் கெட்டிக்காரர், பதட்டமில்லாத ஆளு. மூணாவது ஆட்டம் கைவிட்டுப் போற நேரத்துல, தன்னோட எல்லையில இருந்து 98 கெஜம் அணியைக் கூட்டிட்டுப் போயி சமன் பண்ணினார். பிடிக்கிறவங்க வேகம். நம்பிக்கை நிறைய. ஒரு ஆட்டம் ஜெயிச்ச ஊருக்கு அது பெரிய விசயம்.

பலவீனமும் அதே மூணு ஆட்டத்துல கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு. முன்னால நின்ன அஞ்சு பேரால தடுக்க முடியல. ஷெடூர் திரும்பத் திரும்பக் கீழ விழுந்துக்கிட்டே இருந்தார். பந்தோட ஓடி முன்னேறுறது அறவே இல்ல, எல்லாம் எறியறதுதான். முதல் ஆட்டத்துலயே 42 புள்ளி விட்டாங்க. ஹன்டர் ரெண்டு ஆளு வேலையை ஒருத்தனா செஞ்சான். மூணாவது ஆட்டத்துல அடிபட்டு அடுத்த மூணு ஆட்டம் வெளிய உக்காந்தான்.

யூரியாவை அள்ளி வீசினா பத்தே நாள்ல வயல் கரும்பச்சையா நிக்கும். ரோட்டுல போறவங்க நின்னு போட்டோ எடுப்பாங்க. நாங்க அதைப் பாத்தா குனிஞ்சு ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பாப்போம். மேல பச்சையும் கீழ வேர் இல்லாமையும் இருந்தா, மழைக்காத்துல சாயறதும் புகையான் விழறதும் அந்த வயல்லதான் முதல்ல.

நாலாவது ஆட்டம் ஓரிகன். பாதி ஆட்டத்துலயே 35-0, முடிவுல 42-6. அப்புறம் ஸ்டான்ஃபோர்டுகூட பாதி ஆட்டத்துல 29-0ன்னு முன்னால இருந்து, கூடுதல் நேரத்துல 46-43ன்னு தோத்தாங்க. பருவம் முடியறப்ப 4 வெற்றி, 8 தோல்வி. ஷெடூரை 50 தடவைக்கு மேல கீழ தள்ளியிருந்தாங்க. ஓடி முன்னேறுற கணக்குல நாட்டுலயே கடைசி. இன்னொண்ணு கவனிங்க: ஆரம்பத்துல ஜெயிச்ச அந்த மூணு எதிரணியும் கடைசியில 5 வெற்றி, 7 தோல்வின்னுதான் முடிச்சாங்க. பெரிய ஆளைச் சாய்ச்சோம்னு நினைச்சது பெரிய ஆளே இல்ல.

அடுத்த வருசம் நேர்மாறு. 2024-ல ரெண்டாவது ஆட்டத்துலயே நெப்ராஸ்காகிட்ட 28-10 தோல்வி. "இனி இது தேறாது மாமா"ன்னான் அதே பையன். ஆனா அந்த வருசம் முன்வரிசைக்குப் புது ஆளுங்க வந்திருந்தாங்க. ஜோர்டன் சீட்டன்னு முதலாமாண்டுப் பையன் எல்லா ஆட்டத்துலயும் முக்கியமான இடத்துல நின்னான். தடுப்புல புதுப் பயிற்சியாளர் வந்து, விடுற புள்ளியும் நல்லா குறைஞ்சது. 9 வெற்றி, 4 தோல்வி. ஹன்டருக்கு அந்த வருசத்தோட ஹைஸ்மன் கோப்பை, கல்லூரி ஆட்டக்காரனுக்கு இருக்கிறதுலயே பெரிய மரியாதை.

அதனால என் அபிப்பிராயம் இதுதான். ஆரம்ப ஆட்டங்கள்ல ஜெயிச்சாங்களா தோத்தாங்களாங்கிறதை ஓரமா வைங்க. யாரை ஜெயிச்சாங்க, முன்வரிசை நிக்குதா, ஒரு ஆளு விழுந்தா அந்த இடத்துக்கு ஆள் இருக்கா, இந்த மூணைப் பாருங்க. இதெல்லாம் ரெண்டு மூணு ஆட்டத்துலயே தெரிஞ்சிடும். புள்ளிப் பலகைக்கு அது ரொம்ப லேட்டாத்தான் தெரியும்.

இதை ஏன் பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட சொல்றேன்னா, வேலையை விட்டுட்டு விவசாயத்துக்கு வர்ற தம்பிங்க பலரை நான் பாக்கிறேன். முதல் போகம் நல்லா வந்ததும் கடன் வாங்கி இன்னும் பத்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சிக்கினவங்க உண்டு. முதல் போகம் போச்சுன்னு, மண்ணு அப்பத்தான் திருந்தி வர்ற நேரத்துல மூட்டை கட்டினவங்களும் உண்டு. ரெண்டு பேரும் கணக்கைப் பாத்தாங்க, வேரைப் பாக்கல. வடிகால் சரியா இருக்கா, மண்ணுல புழு வருதா, நீங்க நாலு நாள் படுத்துட்டா தண்ணி பாய்ச்ச ஆள் இருக்கா? இதுக்கு ஆமான்னா தோத்த போகத்துக்கு அப்புறமும் தைரியமா இருங்க. இல்லைன்னா, ஜெயிச்ச போகத்துக்கு அப்புறம் ஒரு ஏக்கர்கூட சேத்து எடுக்காதீங்க.